சிகரெட் விற்காத ஐந்து மாதம்

சல்தானா
14 ஏப்ரல் 2020

அன்புத் தம்பி ரிக்கோ,

கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? சிறைகளுக்குள்ளும் கொரோனா நுழைந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஈஸ்டருக்கு வந்து உன்னைப் பார்ப்பதாக இருந்தோம். யாரையும் உள்ளே விட மாட்டோம் என்கிறார்கள். உங்கள் பிளாக்கில் போனும் வேலை செய்யவில்லை. அதனால்தான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல்முறையாகக் கடிதம் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

ஊரடங்கோடு சிகரெட் விற்பனையையும் நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள், தெரியும்தானே? பதிமூன்று வயதில் படகு ஏறிய அன்று பிடிக்க ஆரம்பித்த மனுஷன் நம் அப்பா. அவர் நுரையீரல் பழைய வலை மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் பத்து வருடமாகச் சொல்கிறார். நான் அழுதிருக்கிறேன், ஒளித்து வைத்திருக்கிறேன், பாஸ்டரைக் கூட்டி வந்திருக்கிறேன். எதுவும் நடக்கவில்லை. அரசாங்கம் ஒரே நாளில் நடத்திவிட்டது. எனக்குச் சந்தோஷம் ரிக்கோ, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

கையிருப்பு ஏழாம் நாள் தீர்ந்தது. பழைய கோட்டுப் பைகளில் துண்டு சிகரெட் தேடினார். பூந்தொட்டி மண்ணைக் கிளறினார். பிறகு என்னிடம் வந்து, "கிரீட்டி, உங்க ஆஸ்பத்திரியில டாக்டருங்க பிடிப்பாங்கல்ல? ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பாரேன்" என்றார்.

"அப்பா, நான் அங்க தரை துடைக்கப் போறேன். பிச்சை எடுக்கப் போகல."

அன்றிலிருந்து மூன்று நாள் டீயைக்கூடத் தானே போட்டுக்கொண்டார்.

என்னைக் கொரோனா வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்பாவின் நுரையீரலுக்கு அது வந்தால் தாங்காது என்று வார்டு சிஸ்டர் எச்சரித்தார். அதனால் வேலை முடிந்து வந்ததும் முற்றத்திலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறேன். அவர் பக்கம் போவதே இல்லை. நீ சொன்னால் கேட்பார். விட்டுவிடச் சொல்லி அவருக்கு நாலு வரி எழுது.

உன் முகம் பார்க்க ஏங்கும்
அக்கா மக்ரீட்டா

*

27 ஏப்ரல் 2020

என் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு ஒன்றுமில்லை, நலம். நீ வார்டில் மாஸ்க்கைக் கழற்றாதே.

இங்கேயும் அதே பஞ்சம்தான். செல்லில் பன்னிரண்டு பேர். ரூய்போஸ் தேயிலையை பைபிள் தாளில் சுருட்டி இழுக்கிறார்கள். லேவியராகமம் முழுவதும் புகையாகப் போய்விட்டது. சங்கீதப் பக்கங்களில் மட்டும் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். பெருமையில்லை, கிடைக்கவில்லை, அவ்வளவுதான். முதல் வாரம் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம். அவரிடம் கொஞ்சம் பொறுமையாக இரு.

மே ஒன்றாம் தேதியிலிருந்து மறுபடி விற்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களே! இங்கே கம்பி அதிரக் கத்தினார்கள். அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

உன்
ரிக்கோ

*

சல்தானா
8 மே 2020

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலத்துக்கு ஜெபிக்கிறேன்.

மே ஒன்றாம் தேதி கதையைக் கேள். விற்பதில்லை என்று இரண்டு நாள் முன்பே மாற்றிச் சொல்லிவிட்டார்கள். அப்பா நம்பவில்லை. "வாய் தவறிச் சொல்லியிருப்பாங்க" என்றார். அன்று காலையில் சவரம் செய்து, கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, கடை திறக்கும் முன்பே போய் நின்றார். கல்லாவில் இருந்த பெண், "இல்ல தாத்தா, இன்னும் விடல" என்றாளாம். வெறுங்கையோடு வரப் பிடிக்காமல் பெப்பர்மின்ட் வாங்கி வந்தார். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அழுதார் ரிக்கோ. அம்மா போன அன்றுகூட அழாத மனுஷன். கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. வார்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். கதவருகிலேயே நின்றுகொண்டு, "அப்பா, டீ வேணுமா?" என்றேன்.

"போடி போலீஸ்காரி" என்றார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் துறைமுகச் சுவர் வரை போக மூன்று இடத்தில் நிற்பார். இப்போது ஒரே மூச்சில் போகிறார். மூச்சுக்கு அடிக்கும் பம்பைப் பாதி நாள் தொடுவதே இல்லை. டாக்டர் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, பரவாயில்லையே என்றார். திட்டட்டும். திட்டுவதற்கு மூச்சு இருக்கிறதல்லவா?

நீ அங்கே நன்றாகச் சாப்பிடு.

அக்கா

*

14 மே 2020

டேய் ரிக்கோ,

அப்பன் எழுதுறேன். நான் நல்லாத்தான் இருக்கேன். நீ அங்க எவன்கூடயும் சண்டைக்குப் போகாத. திருட்டுக் கடல்நத்தை எடுத்ததுக்கு நாலு வருஷம்கிறது அதிகம்தான். ஆனா முடிஞ்சிடும்.

இந்தக் கடுதாசி உங்க அக்காவுக்குத் தெரியாது. தபால்காரன் கையில நானே குடுக்கப்போறேன்.

உங்க அக்கா நல்லவ. அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. குளிருக்குள்ள முற்றத்துல நின்னு சோப்பு போட்டுக் குளிக்கிறா, எனக்காக. அப்புறம் அவ அடுப்பங்கரைல சாப்பிடுறா, நான் முன்னறைல. கதவு வழியா பேசிக்கிறோம், பனிக்குள்ள ரெண்டு படகு கத்திக்கிற மாதிரி. ஏழு வாரமாச்சுடா, என் பக்கத்துல ஒரு மனுஷன் வந்து உக்காந்து. தோள்ல ஒரு கை படல.

படகுல வலை இழுத்து முடிச்சதும் ஒரே சிகரெட்டை ஆறு பேரு சுத்துல விடுவோம். பேச்சு இருக்காது. தண்ணியப் பாத்துக்கிட்டு நிப்போம். அதை நெனச்சா தூக்கம் வரமாட்டேங்குது.

பழைய ஐஸ் கிடங்கு பின்னால நெவில் எங்கிருந்தோ சிகரெட் கொண்டாந்து தர்றானாம். கேட்டேன். "கோபஸ் மாமா, மக்ரீட்டா அக்காவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவா"ங்கிறான். நீயும் அவனும் ஒண்ணா கடல்ல இறங்கினவங்க. நீ ஒரு வார்த்தை சொன்னா தருவான்.

நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல.

அப்பா

*

22 மே 2020

அப்பாவுக்கு,

நான் நலம். இந்தக் கடிதம் சிறை ஆபீஸ் வழியாக வரவில்லை. நோய்க்குப் பயந்து சிலரை முன்கூட்டியே வீட்டுக்கு விடுகிறார்கள். அதில் நம் ஊர் வில்லமும் ஒருவன். அவன் ஷூவுக்குள் வைத்துக் கொண்டு வருகிறான். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

நான்கு நாள் யோசித்தேன். அக்கா என்னிடம் கேட்டது வேறு. அவள் சொன்னதும் சரிதான். ஆனால் தோளில் ஒரு கை படவில்லை என்று எழுதியிருந்தீர்களே அப்பா, அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. எனக்கும் இங்கே அதுதான்.

நெவிலுக்கு வில்லமிடமே சொல்லி அனுப்பியிருக்கிறேன். என் பெயரைச் சொன்னால் போதும், தருவான். ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். அங்கேயே பையன்களோடு நின்று, நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். மனசுக்கு நல்லது.

உங்கள்
ரிக்கோ

*

சல்தானா
5 ஜூன் 2020

அன்புள்ள ரிக்கோ,

சுகம்தானே? இங்கே நல்ல செய்தி, அதனால் முதலில் அதைச் சொல்கிறேன். அப்பா மாறிவிட்டார்! இரண்டு வாரமாகத் திட்டே இல்லை. மீன் குழம்பு இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். மத்தியானம் ஆனால், "டாக்டர் நடக்கச் சொன்னார்ல" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். திரும்பி வரும்போது விசில். நேற்று கதவுக்கு அந்தப்பக்கமிருந்து, "கிரீட்டி, சின்ன வயசுல நீ கருவாட்டுக்கு ஜெபம் பண்ணி அடக்கம் பண்ணினியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று!

எல்லாம் உன் கடிதத்தால்தான். ஒத்துக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை அவர் சிகரெட் விட்டு அறுபதாம் நாள். வார்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒரு நர்ஸ் கை தட்டினாள். ஆரஞ்சு கேக் செய்து, மேலே அறுபது என்று கிரீமில் எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பார்த்துக்கொண்டே இருந்தார், தொடவில்லை. "என்னப்பா, பிடிக்கலையா?" என்றேன். "வயசான காலத்துல எனக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று எழுந்து போய்விட்டார். வெட்கம் போலிருக்கிறது. நல்ல காரியத்துக்கு யாராவது பாராட்டினால் அவருக்கு எப்போதுமே கூச்சம்தான்.

வார்டில் கூட்டம் அதிகமாகிறது. கட்டில் போதவில்லை. பயப்படாதே, நான் ஜாக்கிரதையாக இருக்கிறேன்.

அக்கா

*

16 ஜூன் 2020

அக்காவுக்கு,

நலம். சந்தோஷம். அப்பா சாப்பிடுகிறார் என்பதே போதும்.

ஜூன் மாதக் குளிர் ஆரம்பித்துவிட்டது. அவரை ரொம்ப நேரம் வெளியே நிற்க விடாதே. வேறு எழுத ஒன்றுமில்லை. இங்கே எல்லா நாளும் ஒன்றுதான்.

ரிக்கோ

*

சல்தானா
1 ஜூலை 2020

ரிக்கோ,

இதை உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்த அன்று அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஜூன் 26 வெள்ளிக்கிழமை காலை இறந்துவிட்டார். சிறை ஆபீஸுக்கு மூன்று முறை போன் செய்தேன். சொல்கிறோம் என்றார்கள். சொன்னார்களா? சொல்லாமல் இந்தக் கடிதத்தில்தான் உனக்குத் தெரிகிறது என்றால் என்னை மன்னித்துவிடு.

16ஆம் தேதி உடம்பு சுட்டது. 19ஆம் தேதி பம்ப் அடித்தும் மூச்சு வரவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்றே எனக்கும் சோதனை செய்தார்கள். எனக்கும் இருக்கிறது என்று வந்தது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஒன்றுமே இல்லை. நடமாடிக்கொண்டு இருந்திருக்கிறேன், அதைச் சுமந்துகொண்டு.

நான் தினமும் துடைக்கிற வார்டு அது. எந்தக் கட்டிலின் சக்கரம் கிறீச்சிடும் என்றுகூட எனக்குத் தெரியும். ஆனால் என்னை உள்ளே விடவில்லை. வீட்டில் அடைத்து வைத்தார்கள். வியாழக்கிழமை சிஸ்டர் போனை அவர் காதில் வைத்தார். மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினார், பாதி புரியவில்லை. "கிரீட்டி, இப்பவாவது பக்கத்துல வந்து உக்காரேன்" என்றது மட்டும் புரிந்தது.

"வர்றேன்ப்பா, இதோ வந்துட்டே இருக்கேன்" என்றேன். அடுப்பங்கரையில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன்.

பெட்டியைத் திறக்க விடவில்லை. கல்லறையில் பாஸ்டர், கூட ஏழு பேர். என்னைக் காருக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

முற்றத்தில் குளித்தேன், தனித்தட்டு வைத்தேன், தொடவே இல்லை. ஆனாலும் நான்தான் கொண்டு வந்தேன். வேறு யார்? அவர் வீட்டை விட்டால் நடக்கத்தான் போனார், அதுவும் தனியாக. சிகரெட்டையும் விட்டு, உடம்பு தேறி வந்த நேரத்தில் நான் கொண்டு வந்து கொடுத்துவிட்டேன்.

உடனே எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

அக்கா

*

சல்தானா
22 ஜூலை 2020

ரிக்கோ,

மூன்று வாரமாகிறது. செய்தியைச் சொல்லிவிட்டோம், நீ நலமாக இருக்கிறாய் என்று ஆபீஸில் சொன்னார்கள். அப்படியென்றால் ஏன் எழுதவில்லை?

மறுபடி வேலைக்குப் போனேன், நாலு நாள். கையைக் கழுவிக் கழுவி தோல் உரிந்துவிட்டது. பாத்திரம் துலக்கும்போதும் பிளீச் ஊற்றுகிறேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "மக்ரீட்டா, வீட்டுக்குப் போ, நானே கூப்பிடுறேன்" என்றார். வீட்டில் என்ன செய்வது? முன்னறைக்குள் போகவே முடியவில்லை. இன்னும் அடுப்பங்கரையில்தான் சாப்பிடுகிறேன்.

என்மேல் கோபமா? கோபம் என்றால் அதையே எழுது. நீதான் அப்பாவைக் கொன்றாய் என்று எழுது. தாங்கிக்கொள்வேன். இப்படி ஒன்றுமே சொல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்கா

*

12 ஆகஸ்ட் 2020

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இது ஐந்தாவது தாள். நாலைக் கிழித்துவிட்டேன்.

நீ கொன்றதாக எழுதச் சொன்னாய். அக்கா, அப்பா சிகரெட்டை விடவில்லை. மே மாதம் உனக்குத் தெரியாமல் எனக்கு எழுதினார். நான்தான் வில்லமிடம் சொல்லி நெவிலிடம் ஏற்பாடு செய்தேன். ஐஸ் கிடங்குக்குப் பின்னால். தினமும் மத்தியானம் அவர் போனது அங்கேதான். உன் கேக்கை அவரால் தொட முடியாமல் போனது அதனால்தான்.

ஜூலை முதல் வாரம் வில்லமை மறுபடி பிடித்துக் கொண்டு வந்தார்கள். அவன் சொல்லித்தான் மீதி தெரிந்தது. சரக்கு குறைவாக வந்ததாம். நாலு பேருக்கு ஒரே சிகரெட். வாய் மாற்றி வாய், சுற்றி வரும். அப்பா, நெவில், இன்னும் இரண்டு பேர். ஒரே வாரத்தில் நாலு பேரும் விழுந்தார்கள். நெவில் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்துவிட்டான். வலை தைக்கும் ஆப்பி மாமா போய்விட்டார். நம் அப்பாவும்.

ஒரு சிகரெட்டைப் பகிர்ந்துகொள்வதால் பரவும் என்றுதானே தடை போட்டதற்குக் காரணமே சொன்னார்கள்? இங்கே ரேடியோவில் கேட்டுச் சிரித்தோம். வாங்கிக்கொண்டு உடனே வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை நான் எழுதியிருக்கலாம். பையன்களோடு நின்று பேசிவிட்டு வாருங்கள், மனசுக்கு நல்லது என்று எழுதினேன் அக்கா. அப்படியே எழுதினேன்.

உன் ஜூலை 22 கடிதம் வந்தபோதே இதெல்லாம் எனக்குத் தெரியும். நீ பிளீச்சில் கை கழுவிக்கொண்டு இருக்கிறாய் என்று படித்த பிறகும் இரண்டு வாரம் சும்மா இருந்தேன். உனக்கு வேறு தம்பி இல்லை, எனக்கும் வேறு ஆள் இல்லை என்ற பயம்.

நீ இல்லை, நான். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இனி நீ எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

ரிக்கோ

*

சல்தானா
11 அக்டோபர் 2020

ரிக்கோவுக்கு,

நான் பிழைத்திருக்கிறேன். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டி எட்டுப் பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. ஒரு மாதம் உன் பெயரைச் சொல்லாமலே ஜெபம் செய்தேன். அது உனக்குத் தெரியட்டும்.

நீ எழுதியதற்கு அடுத்த வாரம் தடையை எடுத்துவிட்டார்கள். அன்று காலை பால் வாங்கப் போனேன். கடை வாசலில் ஐம்பது பேர் வரிசை. வெளியே வந்தவர்கள் பாக்கெட்டைத் தூக்கிக் காட்ட, நிற்கிறவர்கள் கை தட்டினார்கள். யாரோ, "மக்ரீட்டா, நீயுமா?" என்று சிரித்தார். பால் வாங்காமலே திரும்பிவிட்டேன். எல்லோரையும் அறைய வேண்டும் போல இருந்தது. அப்பா அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றிருப்பாரே என்றும் இருந்தது.

நெவில் செப்டம்பரில் வந்தான். உடம்பு பாதியாகிவிட்டது. கேட்டுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். போடா என்று சொல்ல வாயெடுத்து, வேறு கேட்டுவிட்டேன்.

"உங்க நாலு பேர்ல யார் முதல்ல இருமினது?"

"தெரியலக்கா. நாங்க எல்லாரும் எப்பவும் இருமிக்கிட்டுதானே இருந்தோம்" என்றான்.

அவ்வளவுதான் ரிக்கோ. அவர்களிடமிருந்து அப்பாவுக்கு வந்து, அப்பாவிடமிருந்து எனக்கு வந்ததா? இல்லை, என்னிடமிருந்து அவருக்குப் போய், அவரிடமிருந்து ஆப்பி மாமாவுக்குப் போனதா? எந்த டாக்டராலும் இனிச் சொல்ல முடியாது. நான்தான் என்று நீ எழுதாதே. என் பாரத்தைக் குறைக்க நினைத்துத்தான் எழுதினாய். குறையவில்லை.

நானும் ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். மே கடைசி வாரத்தில் அவர் கோட்டைத் துவைக்க எடுத்தேன். சிகரெட் வாசனை வந்தது. வாசலில் நின்றால்கூட எனக்கு அந்த வாசனை தெரியும், கோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். கேட்க வேண்டும் என்று முன்னறைக் கதவு வரை போனேன். அவர் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்க் கோட்டை ஊற வைத்தேன். சில நாள் கழித்து அறுபதாம் நாள் கேக்கும் செய்தேன். உனக்கும் பெருமையாக எழுதினேன். எனக்கு அந்த விசில் வேண்டியிருந்தது. வேறென்ன சொல்ல?

வேலைக்குப் போகிறேன். கை ஆறிவிட்டது. போன வாரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தேன், முடிந்தது.

அடுத்த மாதம் முதல் உங்களைப் பார்க்க விடுகிறார்களாம். இரண்டு மீட்டர் தள்ளி, கண்ணாடிக்கு அந்தப்பக்கம், கால் மணி நேரம். நவம்பர் 8 ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். படிவத்தில் பார்க்க வருகிறவர்கள் என்று இரண்டு கோடு போட்டிருந்தது. கை அதுபாட்டுக்கு முதல் கோட்டில் அப்பா பெயரை எழுதிவிட்டது, அடையாள எண்ணோடு. எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். வேறு படிவம் கேட்டேன். ஒருத்தருக்கு ஒன்றுதான் என்றார்கள். அவர் பெயரை அடித்துவிட மனசு வரவில்லை. இரண்டாம் கோட்டில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று வாசலில் இரண்டு பெயரைக் கூப்பிடுவார்கள். நான் மட்டும் வருவேன்.

அக்கா